உப்புக்காற்றில் நிற்கும் பழைய ஜீப்: அடிப்பகுதிக்கு எந்த எண்ணெய் அடிப்பது?

முத்துநகர்வாசி (மே 9)

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் 2011ஆம் ஆண்டு பதிவான நான்கு சக்கர இயக்க ஜீப் ஒன்றை வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் அதை உப்பளத்து வரப்புகளின் மேலேயே பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார். நானும் தூத்துக்குடியில்தான் வசிக்கிறேன். விடுமுறை நாட்களில் தேரிக்காட்டு மணலிலும் குலசேகரன்பட்டினம் பக்கத்துக் கடற்கரைப் பாதைகளிலும் ஓட்டுவதற்காகவே வாங்கினேன்.

மேற்கட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பட்டறைப் பள்ளமான பிட்டின் மேல் நிறுத்தி அடியில் பார்த்தபோது, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸின் பின்பாதியில் துரு செதிள் செதிளாக உரிந்து நிற்பது தெரிந்தது. சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்ததில் பெரும்பாலான இடங்கள் கணீரென்று ஒலித்தன. பட்டை ஸ்பிரிங்கைச் சேசிஸோடு இணைக்கும் பின் ஷேக்கிளுக்கு அருகே இரண்டு இடங்களில் மட்டும் மொத்தென்ற ஓசை வந்தது.

மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். உதிரிப்பொருள் கடைக்காரர் கறுப்பு ரப்பர் கோட்டிங் அடித்தால் பத்து ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்கிறார். மெக்கானிக், கழிவு ஆயிலில் பாதிக்குப் பாதி டீசல் கலந்து அடித்தால் போதும் என்கிறார். இணையத்தில் படித்தால் லானோலின் ஸ்பிரே ஒன்றே வழி என்று எழுதுகிறார்கள். மழைக்காலத்துக்கு முன் வேலையை முடிக்க விரும்புகிறேன். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பட்டறை அண்ணாச்சி (மே 9)

தம்பி, முப்பத்தைந்து ஆண்டுகளாக லாரிப் பட்டறை நடத்துகிறேன். துறைமுகத்துக்குள் போய்வரும் வண்டிகளுக்கு நாங்கள் செய்ததெல்லாம் உங்கள் மெக்கானிக் சொன்ன அதே வேலைதான். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் கம்ப்ரசரில் கழிவு ஆயிலை ஊதிவிடுவோம். ஆயில் படிந்த இடத்தில் துரு ஏறுவதில்லை என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்த லாரியையும் அடியில் போய்ப் பாருங்கள், எஞ்சினிலும் கியர் பெட்டியிலும் ஆயில் கசிகிற பகுதி மட்டும் புதிது போல இருக்கும். ரப்பர் கோட்டிங்கை மட்டும் அடித்துவிடாதீர்கள். அதன் அழகைப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர்.

அரிமானம் (மே 10)

அண்ணாச்சி கண்ணால் கண்டது முற்றிலும் உண்மை. எண்ணெய்ப் படலம் நீரையும் ஆக்சிஜனையும் இரும்பிடம் அண்டவிடாமல் தடுக்கிறது. ஆனால் கழிவு ஆயில் விஷயத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. நான் காரைக்குடியில் மின்வேதியியல் படித்தவன். அந்தப் பழக்கத்தில் சற்று நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினில் ஓடி முடித்த ஆயிலில் எரிபொருள் எரிந்ததால் உண்டான அமிலங்களும், கரியும், தேய்ந்த உலோகத் துகள்களும் சேர்ந்திருக்கின்றன. அமிலத்தை முறிப்பதற்காக ஆயிலில் சேர்த்திருந்த காரப்பொருள் அதற்குள் பெரும்பாலும் தீர்ந்து போயிருக்கும். அதாவது, துருவைத் தடுப்பதற்காக நாம் பூசும் பொருளிலேயே துருவுக்குத் துணை செய்யும் பொருளும் இருக்கிறது. அதிலுள்ள பல்வளையச் சேர்மங்கள் தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்பதும், முதல் மழையிலேயே அதில் ஒரு பகுதி உங்கள் வீட்டு முற்றத்து மண்ணில் இறங்கிவிடும் என்பதும் தனி. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி அது உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டிய பொருள்.

இனி ரப்பர் கோட்டிங். புத்தம் புதிய, சுத்தமான இரும்பின் மேல் அது கெடுதல் செய்வதில்லை. துருவின் மேல் அடித்தால் கதை வேறு. கல் பட்டு ஓரிடத்தில் கீறல் விழுந்தாலும் உப்புநீர் அதன் வழியே உள்ளே நுழைந்து, பூச்சுக்கும் இரும்புக்கும் இடையே தங்கிவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள். ஆகவே அது பூச்சை உள்ளிருந்தே நெம்பித் தள்ளும். வெளியே கறுப்பாக, வழவழப்பாக இருப்பதால் உங்களுக்கு எதுவும் தெரியாது.

கடற்கரை ஊர்களில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் தானாக நீரை உறிஞ்சிக் கரைசலாக மாறும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே ஈரமாகிவிடும். உப்பு வாரிய பிறகு பாத்தியில் எஞ்சும் நஞ்சோடை நீரில் இந்த மக்னீசிய உப்புதான் செறிந்து நிற்கிறது. உப்பள வரப்பில் ஓடிய வண்டியின் சேசிஸ், மழையே பெய்யாத மாதத்திலும் இரவு பகலாக ஈரத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோ குகன் (மே 10)

நான் கனடாவில், ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் துரு என்பதை நாங்கள் கறள் என்போம். பெயர் எதுவானாலும் அது தின்னும் வேகம் ஒன்றுதான். இங்கு பனிக்காலத்தில் வீதிகளுக்கு உப்புத் தூவுவார்கள், கடுங்குளிரில் சாதாரண உப்பு பனியை உருக்காது என்பதால் நண்பர் சொன்ன அதே மக்னீசியம் குளோரைடை அல்லது கல்சியம் குளோரைடைக் கரைசலாகத் தெளிப்பதும் உண்டு.

இங்குள்ள வழக்கம், ஒவ்வோர் ஆண்டும் பனி தொடங்குமுன் வாகனத்துக்கு ஒயில் அடிப்பது. க்ரௌன், ரஸ்ட் செக் போன்ற நிறுவனங்கள் இதை ஒரு தொழிலாகவே செய்கின்றன. அவர்கள் அடிப்பது உறைந்து இறுகாத, ஊர்ந்து செல்லும் ஒயில். கதவுகளின் உட்புறம், சேசிஸ் குழாயின் உட்புறம், தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று மடிந்த விளிம்புகள் என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கே அவர்கள் முதலிடம் கொடுப்பார்கள். அடித்த பின் ஓரிரு நாட்கள் வாகனத்தின் கீழ் ஒயில் சொட்டும். வீட்டுக்காரியின் ஏச்சும் சொட்டும். ஆனால் என்னுடைய 2008ஆம் ஆண்டு ஜீப் இன்றைக்கும் பரிசோதனையில் தேறுகிறது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, கறள் உள்ளிருந்துதான் வருகிறது என்பதை. அமெரிக்காவில் டொயோட்டாவின் டகோமா, டண்ட்ரா, சிகோயா வாகனங்களின் சேசிஸ் கறள் பிடித்ததாக எழுந்த வழக்கில், 2016இல் ஏறத்தாழ 15 இலட்சம் வாகனங்களுக்காக 340 கோடி டொலர் வரை மதிப்பிடப்பட்ட உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் சேசிஸுக்கே அந்த நிலை என்றால், வெளிப்பக்கத்துக்கு மட்டும் மை பூசி என்ன பயன்?

முத்துநகர்வாசி (மே 11)

அனைவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள். வீட்டில் டபிள்யூடி-40 பெரிய டப்பா ஒன்று இருக்கிறது. இப்போதைக்கு அதையே அடித்து வைக்கலாமா? அடுத்தது, குகன் அண்ணன் சொல்லும் ஊர்ந்து செல்லும் ஒயில் நம் ஊர் வெயிலுக்குத் தாங்குமா?

அரிமானம் (மே 11)

டபிள்யூடி-40 என்பது 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், நீரை விலக்கும் திரவம் ஒன்றைக் கண்டுபிடிக்க முயன்றவர்களுக்கு நாற்பதாவது முயற்சியில் கைகூடிய கலவை. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டைத் துருவிலிருந்து காக்க அது பயன்பட்டது உண்மைதான். ஆனால் ஏவுகணை தேரி மணலில் ஓடுவதில்லை. அந்தத் திரவத்தின் பெரும்பகுதி ஆவியாகிவிடும். எஞ்சுவது மிக மெல்லிய படலம். இறுகிப்போன போல்ட்டைக் கழற்ற அது நல்லது. சேசிஸைக் காக்க அது போதாது.

வெயில் பற்றிய கேள்வி முக்கியமானது. கனடாவுக்கென்று செய்த மெல்லிய எண்ணெய் நம் மே மாத வெயிலில் இன்னும் இளகி வழிந்துவிடும். ஆகவே சேசிஸின் உட்புறத்துக்கு ஊர்ந்து செல்லும் மெல்லிய எண்ணெயும், வெளிப்புறத்துக்குக் கெட்டியான லானோலின் அல்லது மெழுகுப் பூச்சும் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. லானோலின் என்பது ஆட்டு ரோமத்தைக் கழுவும்போது பிரியும் மெழுகு. மழையில் நனைந்தாலும் ஆட்டின் தோல் ஊறிவிடாமல் இருப்பது அதனால்தான். ஃபுளூயிட் ஃபிலிம் போன்றவற்றின் அடிப்படைப் பொருள் அதுவே. அது கிடைக்காவிட்டால், பட்டறைகளுக்குப் பொருள் தரும் கடைகளில் ‘கேவிட்டி வேக்ஸ்’ (உள்ளீடற்ற பகுதிகளுக்குள் அடிக்கும் மெழுகு) என்று கேட்டுப் பாருங்கள்.

பாம்பன் கரை (மே 13)

இந்த இழையைப் படித்தபோது என் பெரியப்பா நினைவுக்கு வந்தார். 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை திறக்கப்படும் முன்பு, தனுஷ்கோடிக்குச் சுற்றுலாப் பயணிகளை மணல் வழியாகவும் முழங்கால் அளவுக் கடல்நீர் வழியாகவும் வேனில் ஏற்றிச் சென்றவர்களில் அவரும் ஒருவர். அந்த வண்டிகள் சில ஆண்டுகளிலேயே அடித்தகடு இல்லாமல் போய்விடும். பலகையை வைத்துக் கட்டி ஓட்டுவார்கள். பெரியப்பாவின் வேன் மட்டும் மற்றவற்றைவிட நீண்ட காலம் உழைத்தது. அவர் வள்ளத்துக்குப் பூசும் மீன் எண்ணெயை வண்டிக்கும் பூசினார் என்பதால் எல்லோரும் எண்ணெயின் மகிமை என்றே நம்பினார்கள். உடன் போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் தினமும் மாலையில் ஊருக்குள் வந்து, குடிதண்ணீர்க் கிணற்றில் இறைத்து, சக்கரத்தின் உட்புறமெல்லாம் வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவார். எண்ணெய் பூசியது ஆண்டுக்கு இரண்டு முறைதான்.

எனவே முத்துநகர்வாசியிடம் ஒரு கேள்வி. உங்கள் வண்டியை எங்கே கழுவுகிறீர்கள்? வாட்டர் சர்வீஸ் நிலையம் என்றால், அங்கே பாய்ச்சுவது எந்தத் தண்ணீர்?

முத்துநகர்வாசி (மே 15)

பாம்பன் நண்பரே, உங்கள் கேள்வி என்னை இரண்டு நாட்கள் தூங்கவிடவில்லை. வீட்டில் குடிநீர்ச் சுத்திகரிப்புக்காக வாங்கிய, நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு, நான் வழக்கமாகப் போகும் சர்வீஸ் நிலையத்துக்குச் சென்றேன். அங்கே ஆழ்துளைக் கிணற்று நீர். மீட்டர் 3,840 காட்டியது. வீட்டுக்கு வரும் தாமிரபரணிக் குடிநீரில் அது 200ஐத் தாண்டவில்லை. உப்பைப் போக்குவதாக நினைத்துக்கொண்டு, அதிக அழுத்தத்தில் உப்புத் தண்ணீரைச் சேசிஸின் ஓட்டைகளுக்குள்ளேயே இத்தனை நாளும் பாய்ச்சியிருக்கிறேன்.

அரிமானம் (மே 15)

பாம்பன் நண்பர் மிக முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டார்; இதை முதலில் கேட்காமல் போனதற்கு நான் வெட்கப்படுகிறேன். உப்பு படிந்த இரும்பின் மேல் எந்த எண்ணெயை அடித்தாலும், அது உப்பையும் ஈரத்தையும் சேர்த்தே மூடி வைக்கும். உப்பிலுள்ள குளோரைடு அயனி துருவின் அடியில் தங்கிவிட்டால் துருவேற்றம் அதே இடத்தில் குழிவிழுந்து தொடரும். எனவே, ஸ்பிரேயின் பெயரைத் தேடுவதை நிறுத்திவிட்டு, முதலில் நல்ல தண்ணீரைத் தேடுங்கள்.

வேலையின் வரிசையைச் சொல்கிறேன். உரிந்து நிற்கும் செதிள்களை ஒயர் பிரஷ்ஷாலும் சுரண்டியாலும் எடுத்துவிட்டு, குடிநீர்க் குழாயைச் சேசிஸின் ஒரு முனையில் நுழைத்து மறுமுனையில் வழியும் நீரிலுள்ள உப்பின் அளவை மீட்டரில் பாருங்கள். உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் வித்தியாசம் குறையும்வரை விடுங்கள். பிறகு அக்கினி நட்சத்திர வெயிலில் மூன்று நாட்கள் காயட்டும். நம் ஊரில் இந்த வேலைக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. புரட்டாசியில் செய்தால் ஈரத்தோடு மூடுவதாகிவிடும்.

வெளிப்புறத்தில் இறுகிப் பிடித்திருக்கும் மெல்லிய துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசலாம். அதில் பெரும்பாலும் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும். டானின் துருவோடு சேர்ந்து கருநிறமான, நிலையான படலமாக மாறுகிறது. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சிய அதே வேதிவினைதான் இது. அதற்காகக் கடுக்காயை இடித்துச் சேசிஸில் பூசப் புறப்பட்டுவிடாதீர்கள்.

பாம்பன் கரை (மே 16)

ஒரு சந்தேகம். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் துருவோடு மல்லுக்கட்டியே வாழ்ந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் என்ற இறுகும் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். எண்ணெய் எதுவும் அடிக்கவில்லை. அப்படியென்றால் ஜீப்புக்கும் அத்தகைய கடினமான பூச்சே சிறந்தது அல்லவா?

அரிமானம் (மே 16)

புதிய எஃகைத் துகளடித்துச் சுத்தம் செய்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்குகள் பூசிய பிறகே அது பாலத்தில் ஏறுகிறது. ஒவ்வோர் அங்குலத்துக்கும் தூரிகையோ துப்பாக்கியோ எட்டும். முத்துநகர்வாசியின் ஜீப்பின் சேசிஸ் நான்கு பக்கமும் மூடிய நீண்ட பெட்டி. அதற்குள் இருக்கும் பழைய துருவை யாரும் சுரண்ட முடியாது. சுரண்ட முடியாத இடத்துக்கு உறையாத எண்ணெய்தான் பொருந்தும். ஓர் ஓட்டையில் அடித்தால் தானே ஊர்ந்து இணைப்புகளுக்குள் போகும், கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும். அதன் குறை, ஆண்டுதோறும் திரும்ப அடிக்க வேண்டும் என்பது.

பட்டறை அண்ணாச்சி (மே 18)

கழிவு ஆயில் பற்றிப் படித்தவர் சொன்னதை மறுக்க என்னிடம் வேதியியல் இல்லை. என் கைகளில் இருக்கும் தோல் வெடிப்பைப் பார்த்தால் அவர் சொல்வதில் உண்மை இருப்பதாகவே படுகிறது. இனிப் பட்டறையில் அதை நிறுத்திவிடுகிறேன். ஆனால் வேலைத்தளத்தில் தெரிந்துகொண்ட சிலவற்றை நானும் சொல்ல வேண்டும்.

மொத்தென்று ஒலித்த அந்த இரண்டு இடங்களுக்கு எண்ணெய் மருந்தல்ல. அங்கே தகடு மெலிந்துவிட்டது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். அந்த வெல்டிங்கை எண்ணெய் அடிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். எண்ணெய் ஊறிய பெட்டிக்குள் வெல்டிங் பொறி விழுந்து தீப்பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பிரேக் டிஸ்க், டிரம், சைலன்சர், பெல்ட், கிளட்ச் பெட்டியின் வாய், ஒயரிங் சாக்கெட் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையால் கட்டிவிட்டு அடிக்கவும். பட்டை ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ்களிலும் கதவு ரப்பரிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப் பதம் கெட்டுவிடும். டீசல் கலந்தால் இன்னும் மோசம். எல்லாவற்றுக்கும் மேலாக, சேசிஸின் அடியில் நீர் வடியும் ஓட்டைகள் இருக்கும். மண்ணும் துருத்தூளும் அவற்றை அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்தித் திறக்காமல் எண்ணெய் அடிப்பது வீண்.

செம்மண் தேரி (மே 19)

தேரிக்காட்டில் அடிக்கடி ஓட்டுபவன் என்ற முறையில் மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன். இங்கு பேசுபவர்கள் எல்லோரும் எண்ணெயை ஈரத்தோடு மட்டுமே வைத்துப் பார்க்கிறீர்கள். எண்ணெய் பூசிய அடிப்பகுதியுடன் தேரியில் இறங்கினால், அரைமணி நேரத்தில் செம்மணல் மாவு பிசைந்தது போல அப்பிக்கொள்கிறது. சக்கரத்தின் உட்கூரையில் அந்த மணலே உப்புத்தாளாக மாறி எண்ணெயைத் தேய்த்து எடுத்துவிடுகிறது. சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இணைப்பிலும் ஸ்டீயரிங் முட்டுகளிலும் அப்படி அப்பினால் தேய்மானம்தான். ஒரு முறை சேசிஸ் முழுதும் கெட்டியாக லானோலின் அடித்துவிட்டு, அடுத்த சர்வீஸில் இரண்டு நாட்கள் சுரண்டிக்கொண்டு இருந்தேன்.

ஸ்காபரோ குகன் (மே 19)

நியாயமான கருத்து. எங்களுக்கு மணல் இல்லை, சேறுதான். சக்கரத்தின் உட்கூரைக்கு மட்டும் காய்ந்து இறுகும் மெழுகுப் பூச்சும், அசையும் முட்டுகளுக்கு எதுவும் அடிக்காமல் வழக்கமான கிரீஸும் போதும். சேசிஸின் உட்புறத்துக்கு மணல் அதிகம் வராது. அங்கே தாராளமாக அடிக்கலாம். உட்புறத்துக்கு நுனியில் சுற்றிலும் துளையுள்ள நீண்ட குழாய் ஒன்று தேவை. அதைக் கடைசிவரை நுழைத்துவிட்டு, விசையை அழுத்தியபடியே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். அடுத்த மாதம் உறவினர் ஒருவர் மதுரைக்கு வருகிறார். என்னிடம் இருக்கும் பழைய குழாயைக் கொடுத்தனுப்புகிறேன்.

முத்துநகர்வாசி (ஜூன் 22)

வேலை முடிந்தது. இரண்டு இடங்களில் அல்ல, மூன்று இடங்களில் தகடு மாற்ற வேண்டியிருந்தது. குடிநீர் லாரி ஒன்றை வரவழைத்துக் கழுவினோம். முதலில் வெளியேறிய நீரில் மீட்டர் 2,900 காட்டியது. ஒன்றரை மணி நேரம் விட்ட பிறகு 260க்கு இறங்கியது. வடிகால் ஓட்டைகளிலிருந்து ஏறத்தாழ அரை வாளி செம்மணலும் துருத்தூளும் கொட்டின. குகன் அண்ணன் அனுப்பிய குழாயால் உட்புறத்துக்குக் கேவிட்டி எண்ணெய் மூன்று லிட்டருக்குச் சற்று மேல் பிடித்தது. வெளியே லானோலின், சக்கர உட்கூரையில் இறுகும் மெழுகு. அண்ணாச்சியே நேரில் வந்து பக்கத்தில் நின்றார்; பிளாஸ்டிக் உறை கட்டுவதில் நான் விட்ட பிழைகளை அவர் எண்ணிச் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

முத்துநகர்வாசி (ஜனவரி 11)

மழைக்காலம் முடிந்து நேற்று மறுபடியும் பிட்டில் நிறுத்திப் பார்த்தேன். வடிகால் ஓட்டைக்குள் விரலை விட்டால் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருக்கிறது, சிவப்பு நிறம் ஒட்டவில்லை. வெளிப்புறத்தில் லானோலின் முன்பகுதியில் மணல் பட்டுத் தேய்ந்திருக்கிறது. செம்மண் தேரி நண்பர் சொன்னது போலவே ஆயிற்று. அங்கே மட்டும் திரும்ப அடிக்க வேண்டும்.

நான் தோற்றுப்போன இடமும் ஒன்று உண்டு. சேசிஸின் பின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரின் மேல்பக்கத்தில் பழைய உரிமையாளர் அடித்த ரப்பர் கோட்டிங் உள்ளங்கை அகலத்துக்கு எஞ்சியிருந்தது. இறுகப் பிடித்திருக்கிறது என்று நினைத்து ஜூன் மாதத்தில் சுரண்டாமல் விட்டுவிட்டேன். நேற்று ஸ்குரூ டிரைவரால் நெம்பியபோது அதற்குள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தது. தை பிறந்ததும் அதை வெட்டி மாற்ற அண்ணாச்சி நாள் கொடுத்திருக்கிறார்.

பாம்பன் நண்பருக்கு: நீங்கள் கேட்டிருந்த குழாயைக் கழுவித் துடைத்து நேற்றிரவு ராமேஸ்வரம் பேருந்தில் கொடுத்தனுப்பிவிட்டேன். அதன் நுனித் துளைகளில் ஒன்று அடைத்திருக்கிறது. மெல்லிய ஊசியால் குத்தி எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.